விசில் இல்லாத குக்கர்

ஸ்மார்ட் ஹோம் பற்றிய எபிசோட் வெளியான பிறகு வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் அடுத்த எபிசோட் வரை காத்திருக்காமல் பதில் எழுத வேணும் என்று தோன்றியது. நேயர் ஒருவர், வீட்டை விட்டுத் தனியாக இருக்கத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர், இப்படிக் கேட்டிருந்தார்: "அண்ணா, காலமை ஏழு மணிக்கு ஸ்லோ குக்கருக்குள்ள கோழியைப் போட்டுட்டு வேலைக்கு வெளிக்கிடுறன். மத்தியானம் ஒரு மணிக்குப் போன்ல இருந்து ஸ்மார்ட் பிளக்கை ஆன் பண்ணினா, பின்னேரம் வரேக்க சுடச்சுடக் கறி இருக்கும்தானே?"

இருக்கும். சுடச்சுட இருக்கும், மணமாகவும் இருக்கும். ஆனால் அதைச் சாப்பிட வேண்டாம்.

ஏன் என்று சொல்ல, அந்தச் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதில் இருந்து தொடங்க வேணும்.

எங்கட குசினியில் இருக்கும் மின்சாதனங்களிலேயே புத்தி குறைந்தது ஸ்லோ குக்கர்தான். ஒரு கனமான பீங்கான் சட்டி, அதைச் சுற்றி ஒரு வெப்பமூட்டும் கம்பி, முன்னால் ஒரு குமிழ். அவ்வளவுதான். ரைஸ் குக்கராவது தண்ணி வற்றியதும் அடித்தட்டின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதைக் கண்டுபிடித்து 'டக்' என்று மாறிக்கொள்ளும். குமிழ் வைத்த ஸ்லோ குக்கர்கள் பலவற்றுக்கு உள்ளே கறி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்றே தெரியாது. உள்ளே கோழி இருக்கிறதா, கல் இருக்கிறதா என்பதும் அதற்கு ஒன்றுதான். எங்கட பாஷையில் சொன்னால் ஓப்பன் லூப்: வெப்பம் உள்ளே போகும், தகவல் எதுவும் திரும்பி வராது.

சக்தியும் குறைவு. 3.5 லீற்றர் குக்கர் ஒன்று ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். பக்கத்தில் நிற்கும் கேத்தில் 3000 வாட். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிட்ஜில் இருந்து எடுத்த 5 டிகிரிப் பொருட்கள், எல்லாமாக 3 கிலோ. அதைத் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டு 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 690 கிலோஜூல் வேணும். 200 வாட்டால் வகுத்தால் 58 நிமிடம். இது ஒரு துளி வெப்பமும் வீணாகாத கற்பனை உலகத்தில். நிஜத்தில் அந்தக் கனத்த பீங்கானும் சூடாக வேணும், மூடியாலும் பக்கங்களாலும் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று மணித்தியாலம் எடுப்பது சாதாரணம்.

கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை என்று இங்கே இங்கிலாந்தில் 8 முதல் 63 டிகிரி வரை சொல்கிறார்கள். அமெரிக்காவில் 4 முதல் 60 வரை. ஆக, சரியாகப் பாவித்தாலுமே ஸ்லோ குக்கர் அந்த இடைவெளியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் கடக்கிறது. அந்தத் தாமதம் ஏற்கெனவே கணக்கில் எடுக்கப்பட்டதுதான், அதனால் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இந்த நேயரின் திட்டத்தில் கோழி முதலில் ஆறு மணித்தியாலம் அறை வெப்பத்தில் சும்மா கிடக்கிறது. பச்சை இறைச்சியை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதே என்பதுதான் பொதுவான விதி. ஆறு முடிந்த பிறகு மெதுவான சூடேற்றல் வேறு.

"கடைசியில கொதிக்குதுதானே, எல்லாம் செத்துடும்தானே?" என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சிலது பெருகும்போது கக்கி வைக்கும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. கொன்றவன் செத்துப் போனாலும் கத்தி அங்கேயே கிடக்கிற மாதிரி.

அதனால் ஸ்மார்ட் பிளக்கால் குக்கரைத் தாமதமாகத் தொடக்க வேண்டாம். பல குக்கர்களின் கையேட்டிலேயே, வெளி டைமரோ ரிமோட் கொன்ட்ரோலோ வைத்து இயக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். நாங்கள்தான் கையேட்டை வாசிப்பதில்லை. இந்த ஆசை புதிதும் இல்லை. 2014-இல் பெல்கினும் க்ரொக்-பொட்டும் சேர்ந்து போனால் இயக்கக்கூடிய ஒரு ஸ்லோ குக்கரையே விற்றார்கள். அந்த வீமோ வரிசையில் பெரும்பாலான சாதனங்களுக்கான கிளவுட் சேவையை 2026 ஜனவரி 31-உடன் நிறுத்துவதாக 2025-இல் பெல்கின் அறிவித்தது. ஐம்பது வருடம் உழைக்கக்கூடிய ஒரு சட்டியைப் பன்னிரண்டு வருட சேர்வரோடு கட்டி வைத்தால் அப்படித்தான்.

காலமை ஏழு மணிக்கே 'லோ'வில் போட்டுவிட்டுப் போங்கள். எட்டு மணித்தியாலம் முடிந்ததும் தானாக 'வோர்ம்' நிலைக்கு மாறும் டிஜிட்டல் மாடல் என்றால் நல்லது. ஸ்மார்ட் பிளக்கை வீணாக்க மனமில்லாவிட்டால், மின்சாரப் பாவனையைப் பதிவுசெய்யும் வகை பிளக்கை வேவு பார்க்க மட்டும் பாவிக்கலாம், கட்டளை போட அல்ல. அது எதற்கு என்று கீழே வருகிறேன்.

இனி நான் உண்மையில் எழுத நினைத்த விஷயம்.

நாங்கள் எல்லோரும் செய்வது ஒரு போர்ட்டிங் வேலை. அம்மாவின் செய்முறை ஒரு சாதனத்துக்காக எழுதப்பட்டது: காஸ் அடுப்பு, அல்லது விசில் அடிக்கும் பிரஷர் குக்கர். அதை நாங்கள் வேறொரு சாதனத்தில் ஓட வைக்கிறோம். பழைய கோடைத் திருத்தியவர்களுக்குத் தெரியும், கமென்ட் எதுவும் இல்லாத ஒரு வரி 'இது ஏன் இருக்கு?' என்று முழித்துக்கொண்டு நிற்கும். தேவையில்லை என்று தூக்கினால் வெள்ளிக்கிழமை இரவு எல்லாம் விழும். அம்மாக்களின் செய்முறையிலும் அப்படியான வரிகள் உண்டு. கேட்டால் அவர்கள் சொல்லும் காரணம் ஒன்று, அந்த வரி உண்மையில் செய்யும் வேலை இன்னொன்று.

இதில் மிகவும் ஆபத்தானது சிவப்பு ராஜ்மா, கடைப் பையில் ரெட் கிட்னி பீன்ஸ் என்று எழுதியிருப்பது. யாழ்ப்பாணத்துக் குசினியில் அதற்குப் பெரிய இடம் இல்லை. எங்கட தலைமுறைதான் அதைக் கொண்டுவந்தது: சில்லி செய்ய, மரக்கறி மட்டும் சாப்பிடும் நாட்களுக்கு, ஜிம்முக்குப் போகும் தம்பியின் புரோட்டீனுக்கு. அம்மா அதையும் கடலை, கௌப்பி மாதிரியே நடத்துவார். "இரவு ஊறப்போடு, விடிய அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுப் புதுத் தண்ணி விட்டு, அஞ்சாறு விசில் விடு." ஏன் அம்மா? "அப்பத்தான் அவியும்."

ராஜ்மாவில் ஃபைட்டோஹேமக்ளூட்டினின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பெயரை மறந்துவிடலாம், அது செய்வதை மறக்கக் கூடாது. அவியாத விதை நாலைந்து தின்றாலே போதும். ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் கடும் குமட்டலும் வாந்தியும், பின்னால் வயிற்றுப்போக்கும். பெரும்பாலானோர் சில மணித்தியாலத்தில் தேறிவிடுவார்கள், ஆனால் அந்த மணித்தியாலங்களில் சிலரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகும்.

நன்றாகக் கொதித்தால் இந்தப் புரதம் அழிந்துவிடும். பிரஷர் குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி வரை போகும், அதனால் அம்மாவின் ஆறாவது விசிலில் அது தடயமில்லாமல் போய்விடும். ஸ்லோ குக்கரில் என்ன நடக்கும்? சோதித்துப் பார்த்தவர்கள், உணவின் உள் வெப்பம் பல தடவைகளில் 75 டிகிரியைத் தாண்டவில்லை என்று பதிவுசெய்திருக்கிறார்கள். அதைவிட மோசமான செய்தி, ஏறத்தாழ 80 டிகிரியில் அரைகுறையாகச் சூடான ராஜ்மா பச்சை ராஜ்மாவைவிட ஐந்து மடங்கு வரை நச்சாகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரிக்கிறது. யோசித்துப் பாருங்கள். பச்சை ராஜ்மாவை யாரும் ஒரு கோப்பை தின்னப் போவதில்லை, கல்லு மாதிரி இருக்கும். ஸ்லோ குக்கரில் எட்டு மணித்தியாலம் கிடந்தது பஞ்சு மாதிரி இருக்கும், உறைப்பும் புளியும் ஏறி ருசியாக இருக்கும், இரண்டாம் தரமும் போட்டுக்கொள்வீர்கள். மெதுமையாக இருப்பதால் அவிந்துவிட்டது என்று நாக்கு சொல்லும். இங்கே நாக்கை நம்ப முடியாது.

விசிலை நீக்கியதும் அது செய்துகொண்டிருந்த வேலையை வேறு யாராவது செய்ய வேணும். ஆகக் குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊற வையுங்கள், இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது. அந்தத் தண்ணியை ஊற்றிவிடுங்கள். புதுத் தண்ணியில் அடுப்பில் வைத்து, கொப்பளித்துக் கொதிக்கும் நிலையில் அரை மணித்தியாலம். பத்து நிமிடம் முழுதாகக் கொதித்தாலே நஞ்சு அழியும். விதையின் நடுப்பகுதி வரை அந்த வெப்பம் போய்ச் சேர்ந்ததா என்பதை உறுதிசெய்யத்தான் அரை மணி. பிறகு ஸ்லோ குக்கரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வையுங்கள். கனெலினி என்று விற்கும் வெள்ளை ராஜ்மாவிலும் அதே புரதம் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கிறது, அதற்கும் இதே விதி. கடலை, பருப்பு, கௌப்பி எல்லாம் இந்த விஷயத்தில் அவ்வளவு ஆபத்தானவை அல்ல. டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே அவித்தது, நேரே போடலாம். நேரமில்லாத நாளில் நான் டின்தான் திறக்கிறேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவி பிறந்ததே பயறு வகை அவிக்கத்தான். இர்விங் நாக்ஸன் என்ற சிக்காகோக்காரர் 1940-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் சபாத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை ஒரு சட்டியில் பயறும் இறைச்சியும் கிழங்கும் போட்டு பேக்கரியின் அடுப்பில் இரவு முழுக்க விட்டு வைப்பார்களாம்; சோலன்ட் என்று பெயர். தாய் சொன்ன அந்தக் கதைதான் அவருக்கு யோசனை கொடுத்தது. அவருடைய குக்கர் 'நாக்ஸன் பீனரி' என்ற பெயரில் விலைப்பட்டது. 1970-இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய கம்பனியை வாங்கி, அடுத்த வருடம் க்ரொக்-பொட் என்று பெயர் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஊரை விட்டு வந்த ஒரு குடும்பம் அம்மாவின் சமையலை இன்னொரு கருவிக்குப் போர்ட் பண்ணிய கதை என்று இதையும் சொல்லலாம்.

கமென்ட் இல்லாத இன்னொரு வரி: "வதக்கி, ஒரு கொதி வர விட்டு." ஆட்டிறைச்சிக் கறி வைக்கும்போது வெங்காயமும் தூளும் இறைச்சியும் சேர்த்து வதக்கி, தண்ணி விட்டு ஒரு கொதி வந்த பிறகுதான் அம்மா தணலைக் குறைப்பார். மணத்துக்காக என்று நினைப்போம். மணத்துக்கும்தான். ஆனால் மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். 3 கிலோவில் பாதி கொதித்த குழம்பாக இருந்தால், தொடக்கமே 50 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆபத்தான இடைவெளியின் பெரும்பகுதியை 200 வாட்டுக்குப் பதிலாக அடுப்பு கடந்து கொடுத்துவிட்டது. சோம்பலில் எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு மூடுவதைவிட இது பத்து நிமிட வேலை கூட, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குளிர்ந்த பீங்கான் சட்டிக்குள் கொதிக்கும் குழம்பை ஊற்றினால் சட்டி வெடிக்கலாம். முதலில் குழாயின் சுடுதண்ணியால் சட்டியைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

உறைந்த இறைச்சியை அப்படியே போடவே கூடாது. ஐஸ் உருகவே அந்த 200 வாட்டில் கணிசமான நேரம் போய்விடும். அதுவரை நடுப்பகுதி ஐஸ், சுற்றிவர இளஞ்சூடு. கிருமிக்கு அதைவிட என்ன வசதி வேணும்? முதல் நாளே பிரிட்ஜில் இளக விடுங்கள். சட்டியைப் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் நிரப்புங்கள். மூடியை அடிக்கடி தூக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தரமும் இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்கக் கால் மணி, அரை மணி என்று போகும். தேங்காய்ப்பாலைக் கடைசி அரை மணியில் விடுங்கள். இது பாதுகாப்புக்கு இல்லை, திரியாமல் இருக்க.

மூன்றாவது வரி சமையல் முடிந்த பிறகு வருவது: "படுக்க முதல் கறியைச் சூடாக்கி வை." பிரிட்ஜ் இல்லாத ஊரில் அது கிருமியின் கடிகாரத்தைப் பூச்சியத்துக்குத் திருப்பும் வேலை. முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் பேருதவி. எங்களிடம் பிரிட்ஜ் இருக்கிறது, அதனால் வேறு பிழை செய்கிறோம்: குக்கரை நிறுத்திவிட்டு, மூடியோடு அப்படியே விட்டுப் படுத்துவிடுகிறோம். வெப்பத்தைப் பிடித்து வைக்கத்தான் அந்தப் பீங்கானை அவ்வளவு தடிப்பாகச் செய்திருக்கிறார்கள். ஆறும்போதும் அது அதே வேலையைத்தான் செய்யும். குளொஸ்ட்ரிடியம் பேர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிப்பையும் தாங்கி, பெரிய சட்டி மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். சாப்பிட்டு முடிந்ததும் மிச்சத்தைத் தட்டையான டப்பாக்களில் பிரித்து, ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாளுக்குள் முடியுங்கள். சுடு சட்டியை அப்படியே பிரிட்ஜுக்குள் தள்ள வேண்டாம். அடுத்த நாள் சூடாக்குவது அடுப்பிலோ மைக்ரோவேவிலோ, ஆவி பறக்கும் வரை. 'வோர்ம்' என்பது சூடாக இருப்பதை 63 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்க மட்டும். குளிர்ந்ததைச் சூடாக்க அதற்குத் திராணி இல்லை.

வேவு பார்க்கும் பிளக் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வெளியே இருக்கும்போது கரண்ட் போய் வந்தால், குமிழ் மாடல் தானாக மறுபடி தொடங்கிவிடும். எவ்வளவு நேரம் நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. டிஜிட்டல் மாடல்கள் பல நின்றது நின்றதுதான். கரண்ட் போனது தெரிந்தும் எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால், கறி பார்க்க நன்றாக இருந்தாலும் கொட்டிவிட வேணும். மைக்ரோவேவின் கடிகாரம் மின்னிக்கொண்டிருந்தால் அதுவே அறிகுறி. பிளக்கின் வரைபடத்தில் இடைவெளி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்பது தெளிவாக இருக்கும். ஆனால் கரண்ட் திரும்பியதும் பிளக் பழைய நிலைக்கு வருமா, ஓஃபிலேயே நிற்குமா என்று செட்டிங்கில் முதலில் பாருங்கள். ஓஃபில் நிற்கும் பிளக் குமிழ் மாடலையும் கெடுத்துவிடும்.

நெருப்பைப் பற்றியும் கேட்பீர்கள், 'திஸ் இஸ் அஸ்' பார்த்தவர்கள் கட்டாயம் கேட்பீர்கள். 2018 ஜனவரியில் அந்தத் தொடரில் ஒரு பழைய ஸ்லோ குக்கரின் பழுதான சுவிச்சால் வீடு பற்றி எரிந்தது. அழுதவர்கள் குக்கரைக் குப்பையில் போட, ஒரு கற்பனைக் கதைக்கு க்ரொக்-பொட் நிறுவனம் ட்விட்டரில் வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 200 வாட் கருவி, வயரும் சுவிச்சும் நல்லபடி இருந்தால், சிகரெட்டையும் பொரிக்கும் சட்டியையும் விடப் பல மடங்கு சாது. எனக்குப் பயம் வேறு இடத்தில். இடமில்லாத வாடகைக் குசினிகளில் குக்கரைக் கண்ணாடி அடுப்பின் மேலேயே வைக்கிறோம். யாராவது துடைக்கும்போது கை பட்டு அடுப்பு ஓன் ஆனால், கீழே பிளாஸ்டிக் காலும் வயரும். மேசையில், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, நேரே சுவர்ப் பிளக்கில் வையுங்கள். வயர் நைந்திருந்தால் பாவிக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு ஹெல்த் செக். இரவல் வாங்கிய, சரிட்டிக் கடையில் எடுத்த, அல்லது அக்கா விட்டுப்போன குக்கருக்கு முதல் நாளே இதைச் செய்யுங்கள். பாதிக்கு மேல் தண்ணி விட்டு, மூடி, 'லோ'வில் எட்டு மணித்தியாலம் விடுங்கள். மூடியைத் திறந்த உடனேயே தேர்மோமீட்டரால் அளவுங்கள். 85 முதல் 93 டிகிரிக்குள் இருந்தால் ஆள் நல்ல நிலையில் இருக்கிறார். அதைவிடக் கூட என்றால் கறி அடிப்பிடிக்கலாம், நேரத்தைக் குறையுங்கள். 85-க்குக் கீழே என்றால் அந்தக் குக்கரில் இறைச்சி வைக்க வேண்டாம். அதே தேர்மோமீட்டரைக் கோழியின் தடித்த துண்டிலும் குத்திப் பாருங்கள், 75 டிகிரி வேணும். பத்துப் பதினைந்து பவுணுக்குக் கிடைக்கும். ஓப்பன் லூப்பை மூடும் ஒரே சென்சர் அதுதான்.

கழுவும்போது வெளிப்பாகத்தைத் தண்ணியில் அமிழ்த்தாமல் ஈரத்துணியால் துடையுங்கள், பிளக்கைக் கழற்றிய பிறகு. சட்டியைச் சூட்டோடு குளிர்தண்ணியில் பிடிக்காதீர்கள், கண்ணாடி மூடியையும். மயிரிழை விரிசல் தெரிந்தால், ஒட்டி வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கறி அந்த வெடிப்பால் இறங்கி வெப்பக் கம்பியைத் தொடும். குக்கரின் அடியில் மாடல் எண் இருக்கும், பல மாடல்களுக்கு உள்சட்டி மட்டும் தனியாக விற்கிறார்கள்.